நிமிர்த்தினால் எவ்வளவு குறையும்?

விறைக்கும்போது ஆணுறுப்பு வளைகிறது என்று ஒருவர் டொக்டரைத் தேடத் தொடங்கினால், கொழும்பில் அவர் முதலில் தடுக்கி விழும் இடம், தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க நம்பர் எடுக்கும், அதாவது சனல் பண்ணும் கவுண்டர்தான். நாங்கள் பேசும் தமிழில் எல்லாரும் ‘சிறுநீரக டொக்டர்’ ஆகிவிடுவதால், சிறுநீரகம் பழுதானவர்களைப் பார்க்கும் நெஃப்ரோலொஜிஸ்டிடம் நம்பர் எடுத்துக்கொண்டு, டயலிசிஸ் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தேவையானவர் யூரோலொஜிஸ்ட். அதாவது சிறுநீர்ப் பாதையையும் ஆணுறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் சத்திரசிகிச்சை நிபுணர். இன்னும் சிலர் கட்டி தட்டுப்பட்ட பயத்தில் நேரே பாலியல் நோய் கிளினிக்குக்குப் போய்விடுவார்கள். அங்கே போவதில் பிழையொன்றும் இல்லை, ஆனால் இது தொற்றும் நோய் அல்ல. புற்றுநோயும் அல்ல. இளவயதில் செய்த எதற்கும் வந்த தண்டனையும் அல்ல.

வளைவு இரண்டு வகை. ஒன்று பிறவியிலேயே இருப்பது. பருவ வயதில் விறைப்பு தொடங்கிய நாளிலிருந்தே கீழ்நோக்கியோ இடது பக்கமாகவோ வளைந்திருக்கும். வலி இராது, கட்டி இராது, வருடங்கள் போனாலும் பெரிதாக மாறாது. பையன் அதை யாரிடமும் சொல்லமாட்டான். கலியாணப் பேச்சு தொடங்கிய பிறகுதான் திடுக்கிட்டு டொக்டரிடம் ஓடிவருவான். மற்றது இடையில் வருவது. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுகளில் வரும், முன்னரும் வரலாம். அதுவரை ஒழுங்காக இருந்த உறுப்பில் ஒருநாள் வலி, பிறகு தோலுக்கு அடியில் ஒரு தடிப்பு, பிறகு வளைவு. இதற்குப் பெய்ரோனி நோய் என்று பெயர்.

பிரான்ஸின் 15ஆம் லூயி மன்னரின் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த பிரான்சுவா ஜிகோ த லா பெய்ரோனி 1743இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அவர் சொன்ன சிகிச்சை, பாரேஜ் என்ற ஊரின் ஊற்றுநீரில் குளிப்பது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதைப் போலத்தான். சிரிக்கலாம். ஆனால் இன்று கொழும்பில் இதற்கென்று விற்கும் சில எண்ணெய்களைப் பார்க்கும்போது, அந்த ஊற்றுநீராவது தீங்கு செய்யவில்லையே என்று தோன்றும்.

உள்ளே நடப்பது என்ன? ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் இரத்தம் நிரம்பினால்தான் விறைப்பு. அவற்றைச் சுற்றி வெண்மையான, உறுதியான உறை ஒன்று உண்டு. இரத்தம் நிரம்பும்போது அந்த உறை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிய வேண்டும். ஒரு பக்கத்தில் தழும்பு விழுந்தால் அந்தப் பக்கம் விரியாது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டவர்களுக்கு இது தெரியும். வெறும் டியூபில் காற்றை அடித்தால் ஒட்டுப் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கும், மற்றப் பக்கம் புடைத்துக்கொண்டு போகும். தழும்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத்தான் வளைவு. சுற்றிவரத் தழும்பு இருந்தால் நடுவில் உடுக்கைபோல ஒடுங்கும். பிறவி வளைவில் தழும்பு கிடையாது. உறையின் ஒரு பக்கம் மற்றதைவிட நீளமாக வளர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

தழும்பு ஏன் விழுகிறது என்பதற்கு அதிகம் ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம், உடலுறவின்போது உறுப்பு மடிந்து மடிந்து ஏற்படும் சின்னச் சின்னக் காயங்கள். எல்லாருக்கும் அப்படிக் காயம் ஏற்படும். சிலருடைய உடல் மட்டும் அதைத் தேவைக்கு அதிகமான தழும்பால் ஆற்றுகிறது. உள்ளங்கையில் நரம்பு இறுகியதுபோல விரல் மடிந்துபோகும் டுபுய்ட்ரன் கோளாறு உள்ளவர்களுக்கு இதுவும் வருவது அதிகம். அதனால்தான் அனுபவமுள்ள டொக்டர் முதலில் கையை நீட்டச் சொல்வார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களிடமும் கூடுதல். சீனி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இந்த நகரத்தில் அதைத் தனியாக அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சீனி வளைவோடு மட்டும் நிற்பதில்லை. விறைப்பையும் குறைக்கும், தையல் ஆறுவதையும் தாமதமாக்கும். சத்திரசிகிச்சை என்று வரும்போது இந்த மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேரும்.

இனி, பலருக்குப் பிடிக்காத பகுதி. இந்த நோய்க்குச் சிகிச்சையின் முதல் பாதி காத்திருப்பது. பெய்ரோனி நோய்க்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் வலி இருக்கும், வளைவு மாதத்துக்கு மாதம் மாறும். இரண்டாவதில் வலி போய்விடும், வளைவு ஓரிடத்தில் நிற்கும். வலி பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். வளைவு அப்படியல்ல. சிகிச்சை எதுவும் செய்யாதவர்களைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியான ஒரு ஆய்வில், வளைவு தானாகக் குறைந்தவர்கள் 12 சதவீதம், அப்படியே இருந்தவர்கள் 40, கூடியவர்கள் 48. ஆகவே ‘தானாகச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் எட்டில் ஒருவருக்குத்தான் பலிக்கிறது. ஆனாலும் வளைவு மாறிக்கொண்டிருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது. இன்று நேராக்கினால் நாளைக்கு வேறு பக்கம் போகும். நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம், அதில் கடைசி மூன்று முதல் ஆறு மாதம் வளைவு அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு.

காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க யாருக்கும் மனம் வராது. அந்த இடைவெளியில்தான் பணம் போகிறது. வைட்டமின் ஈ குளிசை வளைவைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அமெரிக்க யூரோலொஜி சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியே அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதிர்வலைச் சிகிச்சை வலிக்கு உதவலாம், வளைவுக்கு உதவாது. எண்ணெய் தேய்த்து மறுபக்கம் வளைத்து ‘நிமிர்த்துவது’ மட்டும் வேண்டவே வேண்டாம். காயத்தால் வந்த தழும்புக்கு இன்னொரு காயம் மருந்தாகாது. ஊசிகளில் ஓரளவு சான்று உள்ளது கொலஜனேஸ் என்ற நொதி. தழும்பிலுள்ள கொலஜன் என்ற புரதத்தைக் கரைக்கும் இது, 2013 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. பெரிய சோதனைகளில் இந்த ஊசி போட்டவர்களின் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கே 18 சதவீதம் குறைந்திருந்தது. 50 பாகை வளைவு சுமார் 33க்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு அது போதும். ஐரோப்பியச் சந்தையிலிருந்து இந்த மருந்தை உற்பத்தியாளரே விலக்கிக்கொண்டார் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, வளைவு நின்றுவிட்டது. எல்லாருக்கும் சத்திரசிகிச்சை தேவையா? இல்லை. மணிக்கூட்டில் 12க்கும் 1க்கும் இடையே இருப்பது 30 பாகை. அந்த அளவு வளைவோடு பலர் ஒரு குறையும் இல்லாமல் குடும்பம் நடத்துகிறார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை பாகை என்பதல்ல. உடலுறவு முடிகிறதா, இருவரில் யாருக்காவது வலிக்கிறதா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். மனைவியிடம் கேட்காமலே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அளக்க, விறைத்த நிலையில் பார்த்தால்தான் முடியும். கிளினிக்கில் ஒரு ஊசி போட்டு விறைப்பை வரவழைத்து அளப்பார்கள். அப்போதே டொப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம். அதற்கு முன் வீட்டிலேயே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து வரச் சொல்வதும் வழக்கம். கூச்சப்பட ஒன்றுமில்லை, முகம் தெரியாமல் எடுங்கள். போனிலேயே வைத்துக் காட்டுங்கள், வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். வீட்டில் அந்தப் போனை வைத்துப் பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது மேசைக்கு வருவோம். இந்தச் சத்திரசிகிச்சையில் இருக்கும் வழிகளைத் தையற்காரரைவிடச் சுலபமாக யாராலும் விளக்க முடியாது. ரவிக்கையின் ஒரு பக்கம் நீளமாக இருந்தால் என்ன செய்வார்? நீளமான பக்கத்தை மடித்துத் தைத்து டக் பிடிப்பார். அல்லது குறைந்த பக்கத்தைப் பிரித்து ஒட்டுத் துணி வைப்பார். இங்கேயும் அதேதான். டக் பிடித்தால் நீளம் குறையும். ஒட்டு வைத்தால் நீளம் ஓரளவு தங்கும், ஆனால் விறைப்புக்கு ஆபத்து. நேராக்குவதை இலவசமாகத் தரும் வழி ஒன்றும் இல்லை. எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதைக் கையொப்பம் போடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் டக். 1965இல் அமெரிக்க யூரோலொஜிஸ்ட் ரீட் நெஸ்பிட் பிறவி வளைவுக்கு ஒரு முறையைச் சொன்னார். வளைவின் வெளிப்பக்கத்தில், அதாவது நீளமான பக்கத்தில், உறையிலிருந்து நீள்வட்டமாகச் சின்னத் துண்டுகளை வெட்டியெடுத்து ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிடுவது. பின்னர் அது பெய்ரோனி நோய்க்கும் வந்தது. 1990இல் யக்கியா என்ற இன்னொரு நிபுணர் வேறொன்று சொன்னார். வெட்டியெடுக்கத் தேவையில்லை, நீளவாக்கில் கீறி அகலவாக்கில் தைத்தாலே அந்தப் பக்கம் சுருங்கும். 2002இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த 16 புள்ளி முறையில் கீறலும் இல்லை. உறையில் புள்ளி குறித்துக் கரையாத நூலால் மடித்துக் கட்டுவது மட்டும். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. நீளமான பக்கம் குட்டையான பக்கத்தின் அளவுக்கு இறங்கி வருகிறது. வளைவு எவ்வளவு பெரிதோ குறைவும் அவ்வளவு பெரிது.

செய்யும் விதம் இது. முழு மயக்கமோ முதுகில் ஊசியோ கொடுத்து, உறுப்பின் நுனியிலுள்ள மொட்டுக்குக் கீழே சுற்றிவரத் தோலைக் கீறி, சட்டைக் கையைச் சுருட்டுவதுபோல அடிவரை இறக்குவார்கள். பிறகு உறுப்புக்குள் உப்புநீரை ஏற்றி மேசையிலேயே விறைப்பை உண்டாக்குவார்கள். 1974இல் வந்த இந்தச் சின்ன உத்திதான் இந்தத் துறையையே மாற்றியது. கண்ணுக்கு முன்னால் வளைவைப் பார்த்து, ஒரு தையல் போட்டு, மறுபடி நீர் ஏற்றிப் பார்த்து, இன்னொன்று போடலாம். அதற்கு முன் இருட்டில் தைத்த மாதிரித்தான். மேல்பக்கத்து நடுவில் உணர்வு நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஒரு கட்டாக ஓடுகின்றன. கீழ்நோக்கிய வளைவில் மேல்பக்கம் தைக்க வேண்டியிருப்பதால் அந்தக் கட்டை அலுங்காமல் தூக்கியோ விலக்கியோ வேலை செய்ய வேண்டும். மொட்டில் மரத்துப்போன உணர்வு வருவது அதனால்தான். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது.

தோலைச் சுருட்டி இறக்கிச் செய்யும்போது பலருக்கு முன்தோலையும் எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அது பின்னர் வீங்கி இறுகிக்கொள்ளலாம். சுன்னத் செய்த முஸ்லிம்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இந்து, கிறிஸ்தவ ஆண்களுக்கு வார்டில் கண் விழித்த பிறகு தெரியவந்தால் அது அதிர்ச்சி. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், தோலை வைத்துக்கொண்டே செய்ய வழி இருக்கிறதா என்று.

60 பாகைக்குக் குறைவான வளைவு, உடுக்கை ஒடுக்கம் இல்லை, நீளம் போதுமானது, விறைப்பு நன்றாக இருக்கிறது என்றால் டக் முறைதான் முதல் தெரிவு. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நேராகிறது. பிறவி வளைவு உள்ள இளைஞர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், அவர்களுக்கு இழக்க நீளமும் இருக்கும், விறைப்பில் குறையும் இராது. கரையாத நூலின் முடிச்சு தோலுக்கு அடியில் கையில் தட்டுப்படுவது மட்டும் சிலரைத் தொந்தரவு செய்யும்.

60 பாகைக்கு மேலே போனால், அல்லது ஒடுக்கம் இருந்தால், டக் பிடித்தால் நீளம் அதிகமாகப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அப்போது ஒட்டு. தழும்பைக் கீறி விரித்தோ, ஒரு பகுதியை எடுத்தோ, அந்த இடைவெளியில் வேறொரு திசுவை வைத்துத் தைப்பார்கள். நோயாளியின் காலில் எடுத்த நாளமாக இருக்கலாம், கன்னத்தின் உட்பக்கத் தோலாக இருக்கலாம். பெட்டியில் வரும் தயார் ஒட்டுகளும் உண்டு. அவற்றில் ஒன்று மாட்டின் இதய உறையிலிருந்து செய்யப்படுவது, இன்னொன்று பன்றியின் சிறுகுடலிலிருந்து. கொழும்பில் தமிழ் பேசும் நோயாளிகளில் இந்துக்கள் பலருக்கு முதலாவது ஒத்துவராது, முஸ்லிம்கள் பலருக்கு மற்றது ஒத்துவராது. மதம் சார்ந்த இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் தயங்கத் தேவையில்லை. நாளமோ கன்னத் தோலோ கேட்கலாம். மார்க்க அறிஞரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ விசாரிப்பதாக இருந்தால் அதற்கும் நேரம் வேண்டும், சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு அதற்குச் சரிவராது.

ஒட்டின் விலை விறைப்பில் தெரியும். உறையைத் திறந்து மூடிய இடத்தில் இரத்தம் ஒழுகிவிட்டால் கடினம் நிற்காது. எத்தனை பேருக்கு அப்படி ஆகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு பெரிதாக வேறுபடுகிறது, ஆனால் டக் முறையைவிட அதிகம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஒட்டும் சுருங்கலாம், நீளம் கொஞ்சம் குறையவும் செய்யலாம். ஆகவே விறைப்பு ஏற்கெனவே ஆட்டம் காண்கிறவருக்கு ஒட்டு வைப்பது நல்ல யோசனை அல்ல.

அவருக்கு இருப்பது மூன்றாவது வழி, உள்வைப்பு. குளிசைக்கும் மசியாத விறைப்புக் குறைவும் வளைவும் சேர்ந்து இருந்தால், பஞ்சுக் குழாய்களுக்குள் இரண்டு தண்டுகளை வைத்துவிடுவார்கள். மடக்கி நிமிர்த்தும் எளிய வகை உண்டு, இந்தியாவில் செய்யும் மலிவான ஒன்றும் இதில் உண்டு. விதைப்பையில் ஒரு சின்னப் பம்பு வைத்து நீரால் நிரப்பும் வகையும் உண்டு, 1973இலிருந்து அது இருக்கிறது. தண்டு உள்ளே போனதுமே பலருக்கு வளைவு குறையும். மீதியை டொக்டர் மேசையில் கையாலேயே மறுபக்கம் வளைத்துச் சரிசெய்வார். தொற்று ஏற்பட்டால் முழுதையும் கழற்ற வேண்டி வரும், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு அந்த ஆபத்து கூட. இது திரும்பிப் போக முடியாத பாதை. உள்ளே தண்டு வைத்த பிறகு இயற்கையான விறைப்புக்கு இடம் இல்லை. குளிசை என்று சொன்னதால் ஒன்று: நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் நைட்ரேட் குளிசை எடுப்பவர்கள் விறைப்புக்கு எடுக்கும் சில்டெனபில் வகைக் குளிசையைத் தொடவே கூடாது. நண்பர் தந்தாலும் கூடாது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுநீர் போகும் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருந்து, அதோடு வளைவும் இருந்தால் அது தனிக் கோளாறு. பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைபோன்ற இடத்தில் காட்ட வேண்டியது. அந்தப் பிள்ளைக்கு முதலே சுன்னத் செய்துவிடாதீர்கள். துவாரத்தைச் சரிசெய்ய அந்த முன்தோல்தான் தேவைப்படும்.

செலவு விஷயத்தில், அரசு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பகலில் அரசு கிளினிக்கில் இருக்கும் விசேட வைத்திய நிபுணர்களே பெரும்பாலும் மாலையில் தனியார் ஆஸ்பத்திரிகளில் சனல் பார்க்கிறார்கள் என்பதால், ஒருமுறை தனியாகப் பேசிவிட்டு அரசு கிளினிக்குக்குப் போகிறவர்களும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல என்பதால் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். உள்வைப்பு என்றால் சாதனத்தை யார் வாங்குவது, எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். வீக்கமும் கருநீலமும் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் வற்றும். யாரும் முன்னமே சொல்லாத வேதனை இரவில் வருவது. ஆண்களுக்குத் தூக்கத்தில் பல தடவை தானாக விறைப்பு வரும், புதுத் தையலோடு அது உயிரை வாங்கும். எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கும். ஏறத்தாழ ஆறு வாரம் உடலுறவு வேண்டாம். காய்ச்சல், சீழ், நிற்காத இரத்தம், தோல் கறுத்துப்போவது என்று எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் போக வேண்டும்.

சம்மதப் படிவம் எந்த மொழியில் இருந்தாலும், உங்களுக்குச் செய்யப்போவது டக்கா, ஒட்டா, உள்வைப்பா என்பதைத் தமிழில் ஒரு தடவை திருப்பிச் சொல்லி, சரிதானே என்று கேட்டுவிட்டுக் கையொப்பம் போடுங்கள். சிங்களம் தெரிந்த தம்பியையோ மருமகனையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போனால் பாதிக் கேள்விகள் வாயிலேயே நின்றுவிடும். தாதியிடம் கேட்டால் வார்டில் தமிழ் தெரிந்த யாரையாவது காட்டுவார். அப்புறம், மயக்கம் கொடுப்பதற்கு முன் உறுப்பை இழுத்துப் பிடித்து நீளத்தை அளந்து கோப்பில் எழுதச் சொல்லுங்கள். நோய் ஏற்கெனவே தின்றது எவ்வளவு, கத்தி எடுத்தது எவ்வளவு என்று ஆறு மாதம் கழித்து மனம் கணக்குப் போடத் தொடங்கும்போது, அந்த ஒரு வரி கோப்பில் இருக்க வேண்டும்.